என் மான், என் கத்தி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தீபாவளிப் பலகாரம் இன்னும் தீராத வீடுகளிலிருந்து கிளம்பி இந்தப் பள்ளிக்கூட அரங்குக்கு வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வேட்டை மானைக் கறியாக்கச் சிறந்தது சொந்தக் கையா, கசாப்புக் கடையா?" என்பது இன்றைய தலைப்பு. நான் சொந்தக் கை என்று பேச வந்திருக்கிறேன். மேடைக்காக எடுத்துக்கொண்ட பக்கம் இல்லை இது. ஒவ்வொரு நவம்பரிலும் என் வீட்டுக் கார் கொட்டகையில் நான் செய்துவரும் வேலை.

அரங்கில் சிலருக்கு மனசுக்குள் ஒரு கேள்வி ஓடும். ஊரில் மானைத் தொட்டாலே ஜெயில், இங்கே வந்து அதை எப்படி வெட்டுவது என்று பட்டிமன்றமா? 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக்குத் தேவை. அதை நான் மனசார ஏற்கிறேன். நாம் குடியிருக்கும் இந்த அமெரிக்க மாநிலம் விஸ்கான்சினில் நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் சோளக்காட்டிலும் நெடுஞ்சாலையிலும் பெருகிக் கிடக்கின்றன. மாநில இயற்கை வளத்துறை உரிமம் கொடுத்து, கணக்கு வைத்து, வேட்டைக்கு அனுமதிக்கிறது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தொடங்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். அவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். சுட்ட மானின் கறியைக் காசுக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அந்தக் கறி சுட்டவர் வீட்டுக்கும், அவர் யாருக்குக் கொடுக்கிறாரோ அந்த வீட்டுக்கும்தான் போகும். நம் பிள்ளைகள் தட்டுக்கு வரும் கறி அது. அதை யார் கை பிரிக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, கசாப்பு என்பது வருஷக்கணக்கில் பழகிய தொழில், அதில் நாம் கை வைக்கக் கூடாது. இரண்டு, கடையில்தான் சுத்தம் இருக்கும். மூன்று, ஐ.டி. வேலை பார்க்கிறவருக்கு இரண்டு நாளை இதில் தொலைக்க நேரம் ஏது? இந்த மூன்றையும் நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நம்பித்தான் என் முதல் மானைக் கடையில் கொடுத்தேன்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. பெண் மான். குடல் எடுத்த பிறகு நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொரு வண்டியிலும் ஒன்றோ இரண்டோ மான். சீட்டு எழுதி, கால் மூட்டில் எண் கட்டி, உள்ளே இழுத்துப் போனார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். 31 பவுண்டு. பாதிக்கு மேல் கொத்துக்கறி, கொஞ்சம் சாசேஜ், மிச்சம் எலும்போடு ரம்பத்தில் அறுத்த வட்டத் துண்டுகள். பொட்டலத்தின் மேல் "வெனிசன்", அதாவது மான்கறி, என்று ஒரு முத்திரை, தேதி. அவ்வளவுதான்.

"இது எல்லாமே நான் கொண்டுவந்த மான்தானா?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் மறைக்கவில்லை. சாசேஜுக்குப் பலருடைய கறியைச் சேர்த்துத்தான் அரைப்போம், எடைக்கு எடை பிரித்துக் கொடுப்போம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பருவம் தொடங்கும் வாரத்தில் அந்தக் கடைக்கு வந்து குவியும் மான்களைப் பார்த்தவள் நான். தனித்தனியாக சாசேஜ் அரைத்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பொங்கல் வரைக்கும் வேலை முடியாது.

அன்றைக்கு ராத்திரி அந்த வட்டத் துண்டுகளைப் போட்டுக் குழம்பு வைத்தேன். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நாக்கால் மேல் அண்ணத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "என்னம்மா இது, மெழுகு மாதிரி ஒட்டுது?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மான் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிட இறுகியது. கொஞ்சம் ஆறினாலும் வாயில் படிந்துவிடும், ஃப்ரீசரில் கிடந்தால் சிக்கடிக்கும். அதை விரல் விட்டு, கத்தி விட்டு, முழுக்க எடுத்துவிட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு மானுக்கு இவ்வளவு நிமிஷம் என்று ஓடுகிற கடையில் அந்த நேரம் கிடைக்காது. மானுக்கு "காட்டு வாடை" என்று ஊரெல்லாம் பேர் கெட்டுப் போனதற்குப் பாதிக் காரணம் எடுக்காமல் விட்ட அந்தக் கொழுப்புதான்.

அடுத்த வருஷம் கடைக்குப் போகவில்லை. எங்கள் தெருக்கோடியில் பால் பண்ணை வைத்திருந்த பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். நடுவர் அவர்களே, அவர் காட்டிய முதல் விஷயத்தை இந்த அரங்குக்கும் காட்ட ஆசைப்படுகிறேன். எதிரணித் தலைவரின் முதல் வாதத்துக்கு என் பதில் அதில்தான் இருக்கிறது.

மான் பின்னங்கால்களில் தொங்குகிறது. தோல் உரித்தாகிவிட்டது. பெரியவர் முன்னங்காலைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தார். அக்குள் மாதிரி ஒரு மடிப்பு திறந்தது. "இங்கே வெட்டு" என்றார். எலும்பு இருக்குமே, ரம்பம் வேண்டாமா என்றேன். "எலும்பைத் தேடிப் பார்" என்றார். கத்தியை உள்ளே விட்டேன். சதை, அடுத்து மெல்லிய சவ்வு, மறுபடி சதை. கத்தி எதிலும் முட்டவில்லை. விலாவை ஒட்டி நாலே நாலு இழுப்பு. முழு முன் சப்பையும் என் இடது கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. மானுக்குக் காறை எலும்பே இல்லை. முன்னங்காலுக்கும் உடம்புக்கும் நடுவில் எலும்பு மூட்டு கிடையாது, வெறும் தசையால்தான் கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டுக்கும் இதே கதைதான். ஊரில் இத்தனை ஆடு அறுத்துப் பார்த்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது! அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றும் இப்படியேதான். பின்தொடைக்கு மூட்டு உண்டு, கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி. காலை அசைத்துப் பார்த்தால் அது எங்கே சுழல்கிறது என்று கைக்குத் தெரியும். கத்தி நுனியை அங்கே விட்டு உள்ளே இருக்கும் ஒரே ஒரு நரம்பை அறுத்தால் "டப்" என்று விடும். முதுகுக்கறி, இங்கே பேக்ஸ்ட்ராப் என்று கொண்டாடுவது, தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து இடுப்பு வரை நீளமாகப் படுத்திருக்கும். கத்தியின் தட்டைப் பக்கத்தை முள்ளெலும்பில் உரசவிட்டுக்கொண்டே இறங்கினால், வாழைத்தண்டை உரித்து எடுத்த மாதிரி முழுசாக வரும். ஆறு அங்குலத்தில் ஒல்லியான கத்தி ஒன்று, தீட்ட ஒரு கம்பி. நான் மான் பிரிக்க வைத்திருக்கும் ஆயுதம் இவ்வளவுதான். ரம்பம் இல்லை.

தொழில் திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கசாப்புக்காரர் ஒருவர் பத்து நிமிஷத்தில் தோல் உரிப்பதைப் பார்த்துக் கண் கொட்டாமல் நின்றிருக்கிறேன். ஆனால் அந்தத் திறமை வேகத்துக்கான திறமை. ஒரு வருஷத்தில் ஒரு மான் வெட்டும் எனக்கு வேகம் எதற்கு? எங்கே பிரியலாம் என்பதை மான் உடம்பே சொல்கிறது. அவசரப்படாத கை அதைக் கேட்டால் போதும்.

சரி, சுத்தத்துக்கு வருகிறேன். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், அந்த டாக்டர் தம்பி, இதைத்தான் அழுத்திப் பேசினார். தம்பி, ஒரே ஒரு கேள்வி. கடையில் மானை எப்படி வாங்கிக்கொள்வார்கள்? குடல் எடுத்த பிறகுதானே? மான் விழுந்த இடத்தில், பனியில் முழங்கால் போட்டு, வயிற்றைக் கீறி, குடலிலோ மூத்திரப்பையிலோ கத்தி படாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உடம்பு சீக்கிரம் ஆறும்படி திறந்து வைக்கிறோமே, கறி கெடுமா கெடாதா என்பது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். அந்த வேலையை எந்தக் கடையும் உங்களுக்காகச் செய்வதில்லை. அசிங்கமான வேலை, ஆபத்தான வேலை, இரண்டையும் நீங்களே செய்தாயிற்று. அதற்குப் பிறகு வெளிச்சமும் மேசையும் சுடுதண்ணியும் இருக்கிற வீட்டில் செய்ய வேண்டியதைப் பயந்துகொண்டு கடையில் கொடுப்பானேன்?

அப்புறம் வெப்பநிலை. கறி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். நவம்பரில் என் கார் கொட்டகை பெரும்பாலும் 35, 38 என்று நிற்கும். கொட்டகையில் ஒரு வெப்பமானி தொங்குகிறது, காலையும் மாலையும் பார்ப்பேன். விறைப்பு விடும் வரை தோலோடு மூன்று நாலு நாள் தொங்கவிட்டுத்தான் வெட்டுவேன். விறைத்த சதையை வெட்டினால் ரப்பராகிவிடும். ஒரு வருஷம் பருவத்தின் முதல் வாரமே வெயில் அடித்து 55 டிகிரிக்குப் போனது. அன்றே தோல் உரித்து, நாலு சப்பையாகப் பிரித்து, ஃப்ரிட்ஜின் தட்டுகளை எல்லாம் கழற்றிப் போட்டு உள்ளே வைத்தோம். பால் பாக்கெட் இரண்டு நாள் பால்கனியில் கிடந்தது. அதே சனிக்கிழமை எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மானைக் கடையில் இறக்க வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றார். அவர் வண்டியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப்போவது விளையாட்டில்லை.

2002 பிப்ரவரியில், நம் மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரெப் பக்கம் சுட்ட மூன்று மான்களில் ஒரு நோய் இருப்பது உறுதியானது. சி.டபிள்யூ.டி. என்னும் நாள்பட்ட மெலிவு நோய். மாடுகளுக்கு வந்த பைத்திய நோயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ப்ரியான் என்ற கெட்டுப்போன புரதத்தால் வருவது. கிருமி இல்லை, அதனால் கொதிக்கவைத்தாலும் சாகாது, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் போகாது. மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியான ஒரு சம்பவம்கூட இல்லை. இருந்தாலும் நோய் இருப்பதாகத் தெரிந்த மானைச் சாப்பிடாதீர்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நோய் பிடித்த மான் வெளிப்பார்வைக்குத் துள்ளிக்கொண்டும் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ப்ரியான் எங்கே அதிகம் சேர்கிறது? மூளை, தண்டுவடம், கண், அடிநாக்குச் சதை, மண்ணீரல், அப்புறம் நெறி என்று நாம் சொல்லும் நிணநீர்க் கட்டிகள். இந்தப் பட்டியலைக் கேட்கும்போது நம் வீட்டுக்காரர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மூளை வறுவலும் சுவரொட்டியும் நமக்கு எவ்வளவு பிடிக்கும்! அம்மாக்களே, ஆட்டில் சாப்பிடுங்கள். இந்த ஊர் மானில் அந்த இரண்டையும் மறந்துவிடுங்கள், நல்லி எலும்பையும் சேர்த்து.

இப்போது யோசியுங்கள். தண்டுவடத்தைத் தொடாமல், எலும்பை அறுக்காமல், நெறிக்கட்டியை எடுத்துப் போட்டுவிட்டுக் கறியை மட்டும் கழற்றுவது யாருக்குச் சுலபம்? ரம்பம் பூட்டிய கடைக்கா, கத்தி மட்டும் வைத்திருக்கும் எனக்கா? பின்தொடையைத் தசை தசையாகப் பிரிக்கும்போது நடுவில் கொழுப்புக்குள்ளே புதைந்து ஒரு கட்டி வரும், சாம்பல் நிறம், கொண்டைக்கடலை அளவு. ஒவ்வொரு மானிலும் அதே இடத்தில் வரும். நான் அதைத் தேடி எடுத்துத் தூரப் போடுகிறேன். தொடையைக் குறுக்கே வட்டமாக அறுக்கும் ரம்பத்துக்கு அது கண்ணில் படாது. என் முதல் மானின் வட்டத் துண்டுகளில் நடுவே இருந்தது என்ன என்று எனக்கு இப்போது தெரியும்.

நோய்ப் பரிசோதனை இந்த மாநிலத்தில் இலவசம். கழுத்து கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி தலையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டு, சீட்டில் எண் எழுதிவிட்டு வந்தால் போதும். முடிவு வரும் வரை அந்த மானின் கறி என் ஃப்ரீசரில் தனி அடுக்கில் இருக்கும், ஒரு துண்டும் வெளியே வராது. முடிவு மோசமாக வந்தால் அந்த அடுக்கை மட்டும் தூக்கிப் போட வேண்டும். எலும்பையும் தண்டுவடத்தையும்கூடக் காட்டோரம் வீசாமல், அதற்கென்று வைத்திருக்கும் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிடுவேன். கடையில் பத்துப் பேர் கறியைச் சேர்த்து அரைத்த சாசேஜில் என் மானுக்கு வந்த நல்ல முடிவை வைத்து என்ன செய்வது? மீதி ஒன்பது மானின் முடிவு யாரிடம் இருக்கிறது? கடையில் கொடுப்பவர்களும் தங்கள் மானைத் தனியாக வெட்டித் தரும்படி கேளுங்கள் என்று அதே நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதிவைத்திருக்கிறது. கேட்டால் செய்துதரும் கடைகள் உண்டு, மறுக்கவில்லை. நீங்களே வெட்டினால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இதேபோல இன்னொன்று, ஈயம். 2008-ல் வட டகோட்டாவில் ஒரு மருத்துவர், ஏழைகளுக்கான உணவு வங்கிக்குக் கொடுத்திருந்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்ட பொட்டலங்களில் உலோகத் துணுக்கு. அதே ஆண்டு மின்னசோட்டாவில் செத்த ஆடுகளைச் சுட்டு ஆராய்ந்தார்கள். காயத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளியும் ஈயத் துணுக்கு கிடந்தது. பல்லில் கடிபடாத அளவு பொடி. இது கசாப்புக்காரர் செய்த பிழை இல்லை, சுட்டவர் போட்ட குண்டு. ஆனால் குண்டு எங்கே புகுந்தது, எந்த எலும்பில் பட்டு உடைந்தது என்று தெரிந்தவர் யார்? சுட்டவர்தானே! நான் அந்தப் பக்கத்துச் சப்பையில் கருஞ்சிவப்பாகக் கன்றிய இடம் முழுவதையும், அதைச் சுற்றி இன்னும் ஒரு சாணையும், தயங்காமல் வெட்டிக் கழித்துவிடுகிறேன். கழுவிப் பார்ப்பதில்லை, கழுவினால் துணுக்கு பரவும். நல்ல கறியை வீணாக்குகிறாய் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், வளரும் பிள்ளைக்கு ஈயம் எவ்வளவு கெடுதல் என்று அவரிடம் சொன்னேன். அதன் பிறகு அவரே அந்த இடத்தைத் தாராளமாகக் கழிக்கிறார். இப்போது செம்புக் குண்டுக்கும் மாறிவிட்டோம்.

எங்கள் ஊர் விருதுநகருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். என் தாத்தா காலத்தில் அங்கே கறிக்கடை கிடையாது. பத்து வீடு சேர்ந்து ஒரு கிடா வாங்கி, வேப்பமரத்தடியில் அறுத்து, கூறு போடுவார்கள். பனையோலை மேல் பத்துக் கூறு. ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஈரலில் ஒரு துண்டு. பிள்ளை பெற்ற வீடு இருந்தால் சுவரொட்டி அங்கே போகும், கேள்வியே கிடையாது. முடியாமல் கிடக்கும் பெரியவருக்குக் கால். பத்து வீட்டுக்காரரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த ஆடு, எப்படி இருந்தது, ஈரலில் புள்ளி இருந்ததா, எந்தத் துண்டு யாருக்கு, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஓலையில் பெயர்ச்சீட்டு கிடையாது, ஆனால் தெரியாத விஷயம் என்று அதில் ஒன்றும் இல்லை. எனக்குக் கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியில் முத்திரை இருந்தது, தேதி இருந்தது. உள்ளே இருந்ததைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நானே வெட்டத் தொடங்கிய பிறகுதான் சமையலும் பிடிபட்டது. மானில் கொழுப்பு சதைக்குள் ஓடாது, அதனால் எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி சமைத்தால் பாதி கட்டையாகிவிடும். முதுகுக்கறிமேல் ஒரு வெள்ளிச் சவ்வு மின்னும். கத்தி நுனியை அதன் அடியில் விட்டு, சவ்வை இடது கையால் இறுக்கிப் பிடித்து, கத்தியை மேல்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால் ரிப்பன் மாதிரி உரிந்து வரும். அந்தக் கறியை மிளகும் உப்பும் போட்டு, காய்ந்த இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் வாட்டி உடனே இறக்கிவிட வேண்டும். கெண்டைக்கால் சதை நேர் எதிர். அதில் ஓடும் நரம்பையும் சவ்வையும் பார்த்தால் யாரும் கொத்துக்கறிக்குத்தான் தள்ளுவார்கள், பல கடைகளில் அங்கேதான் போகிறது. நான் அதை எலும்பிலிருந்து முழுசாகக் கழற்றி, கொத்தமல்லி, மிளகு, சோம்பு வறுத்தரைத்து, சின்னத் தீயில் மூன்று மணி நேரம் விடுகிறேன். அந்தச் சவ்வெல்லாம் பசையாக உருகிக் குழம்பில் இறங்கிவிடும். என் மாமியார் அடுத்த முறை வந்தபோது அந்தக் குழம்பில்தான் மூன்று இட்லி கூடச் சாப்பிட்டார்.

பின்தொடையின் அடிக்கறி உப்புக்கண்டத்துக்கு. இங்கே வெயிலில் காயவைக்க வழியில்லை. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசிறி, முதலில் அடுப்பில் 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடேற்றிவிட்டு, அப்புறம் உலர்த்தும் பெட்டியில் வைக்கிறேன். இந்தத் தசை இதற்கு என்று எனக்குத் தெரிகிறது. நான் விரலால் பிரித்த தசை அது. கடை ஆளுக்கு உப்புக்கண்டம் எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஸ்டேக், ரோஸ்ட், கொத்துக்கறி, சாசேஜ். நம் சமையலுக்கு வெட்டிக்கொடுங்கள் என்று அவரிடம் எந்த மொழியில் சொல்வது?

எடை என்று பார்த்தாலும், என் முதல் மானைப் போலவே இருந்த ஒரு பெண் மானில் போன வருஷம் எலும்பில்லாமல் 44 பவுண்டு கறி வந்தது. கழுத்து, கெண்டைக்கால், விலா இடுக்கு என்று எதையும் விடவில்லை.

நேரத்துக்கு வருகிறேன். முதல் முறை எனக்கு ஒன்பது மணி நேரம் ஆனது, மறுநாள் விரல் மடங்கவில்லை. இப்போது நாலு மணி நேரம். இரண்டு சாயங்காலமாகப் பிரித்துக்கொள்கிறோம், நான் கழற்றிக் கொடுக்க என் வீட்டுக்காரர் சவ்வு எடுக்கிறார். மகள் தாள் சுற்றி ஒட்டி எழுதுகிறாள். நூறு டாலருக்கு மேல் கூலி மிச்சம் என்பதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. அடுக்குமாடியில் இருக்கிறோம், மானை எங்கே தொங்கவிடுவது என்று எதிரணித் தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. தொங்கவிடத்தான் வேண்டும் என்று இல்லை, தங்கச்சி. சுட்ட இடத்திலோ நண்பர் வீட்டிலோ நாலு சப்பையும் முதுகும் கழற்றி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், மிச்ச வேலைக்குச் சாப்பாட்டு மேசை போதும். நம் வீட்டுச் சமையலறையில் ஆட்டுத்தொடை ஒன்றை முழுசாக வெட்டாத அம்மா யார்?

எதிரணி சொன்னதில் இரண்டை மனசார ஒத்துக்கொள்கிறேன். விரலில் மூட்டுவலி வந்த பெரியவர்களைக் கத்தி பிடிக்கச் சொல்ல மாட்டேன். அதேபோல மாநிலத்தின் மான் தானத் திட்டம் 2000-ம் ஆண்டிலிருந்து நடக்கிறது. உணவு வங்கிக்கு மான் கொடுக்க விரும்பினால் அதில் சேர்ந்த கடையில்தான் கொடுக்க வேண்டும். கொடுங்கள். நானும் இரண்டாவது மான் கிடைத்த வருஷம் அங்கேதான் கொடுத்தேன். ஆனால் இன்றைய தலைப்பு நம் வீட்டு அடுப்புக்கு வரும் மானைப் பற்றியது.

போன நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயது மகள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். முன் சப்பையை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். மடிப்பு திறந்தது. "எலும்பைத் தேடிப் பார்" என்றேன். அவள் விரலை விட்டுத் துழாவினாள். இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கொஞ்ச நேரம் கழித்து, குண்டு புகுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடனே செத்துப்போச்சாம்மா?" என்று கேட்டாள். இதயத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், ஓட்டையைக் காட்டினேன். ஆமாம், சில விநாடிதான் என்றேன். அவள் அதைக் கழுவித் தனியாக வைத்தாள். அன்றைக்குப் பொட்டலங்களில் அவள் எழுதியது வெறும் தேதி இல்லை. "இடது பின்தொடை, உள்கறி, குழம்புக்கு வேண்டாம், வறுவலுக்கு" என்று தமிழில் எழுதினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்து அது. அந்தப் பொட்டலங்களில் இன்னும் மூன்று என் ஃப்ரீசரில் இருக்கிறது.

எதிரணித் தலைவர் இந்த வருஷமும் உரிமம் வாங்கியிருக்கிறார் என்று தெரியும். அண்ணே, பருவம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மான் கிடைத்தால் கடைப்பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள், நேராக எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொட்டகை விளக்கு எரியும், இரண்டு கத்தி தீட்டி வைத்திருப்பேன். முன்னங்காலை நீங்கள் இழுத்துப் பிடியுங்கள், எங்கே வெட்டுவது என்று என் மகள் காட்டுவாள்.

நன்றி, வணக்கம்.